ராஜிக்கின் குரல்

—முதல்ல அந்த டிவிய அமத்து ஹாலிதா. அமத்துங்கறேன்ல! இனிமே அவன் சொல்றதக் கேட்டு நமக்கு ஆகப்போறது ஒன்னுமில்ல. கலாஸ், முடிஞ்சுது.

—மெதுவா வாங்க காக்கா. நீங்க கீழ்வாசல்ல கால் வச்சதுமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. ஆளு வர்றதுக்கு முன்னால இருமல் வந்து கதவத் தட்டுது. இந்தாங்க, தண்ணி குடிங்க.

—தண்ணி கெடக்கட்டும். நீ உக்காரு.

—உக்காரல. என்னன்னு சொல்லுங்க. கப்பல் ஆபீஸ்லேந்து பேசுனாங்களா? கெட்ட சேதின்னா நின்னுக்கிட்டே கேட்டுக்கறேன்.

—கெட்ட சேதி கொண்டு வந்த மூஞ்சியா இது? கூடப் பொறந்தவன நல்லாப் பாரு. கடையத் தொறந்தது தொறந்தபடி போட்டுட்டு ஓடியாந்திருக்கேன். கரீஃப் தூறல் சீசன், ஹாஃபா சூக்கு கடைத்தெரு முழுக்க ஆளு. ஒரு சவூதிக்காரன் குடும்பத்தோட நின்னு சாம்பிராணிய எரிச்சுக் காட்டு, எரிச்சுக் காட்டுங்கறான். பக்கத்துக் கடை மலையாளிட்ட பாத்துக்கடான்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துட்டேன். உன் மகன் பேசிட்டான்ம்மா. ராஜிக் பேசிட்டான்!

—எப்போ?

—யா அல்லா! உசுரோட இருக்கானான்னு கேக்க மாட்டா, எப்போன்னு கேக்கறா பாரு.

—பேசுனானா? உங்ககிட்டயா?

—வாய்ஸ் மெசேஜு. சம்பந்தி முகம்மது ரிபாய் நம்ம குடும்ப குரூப்புல போட்டிருக்காரு. 'மருமகன் குரல் வந்துடுச்சு, அல்ஹம்துலில்லாஹ்'னு எழுதி, கீழ கையேந்துற பொம்மை நாலு. நீதான் குரூப்பையே எட்டிப் பாக்கறதில்லையே.

—பாக்கறதில்ல. ஆளாளுக்குக் கப்பல் எரியற படமா அனுப்புறாங்க. பெத்தவ ஒருத்தி இதுல இருக்காளேன்னு யாருக்கும் தோணல. அதான் மூடி வச்சிட்டேன்.

—இனித் தொற. தொறந்து வச்சுக்க. இந்தா, சத்தத்தக் கூட்டிட்டேன். பேசாமக் கேளு.

—“அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்லாத்தான் இருக்கேன். ஒன்னும் பயப்படாதீங்க. சாப்பிட்டேன். போன்ல சார்ஜ் இல்ல, அப்புறமாப் பேசுறேன். எல்லார்ட்டயும் சொல்லிடுங்க… ஆங், சரி சரி, வச்சிடறேன்.”

—கேட்டியா? நம்ம பய குரல். கேட்டியா இல்லையா? ஏன் அப்படியே நிக்கிறே? அழுகணும்னா அழுதுடு புள்ள. வெள்ளிக்கிழமையிலேந்து நீ அழுகவே இல்ல. சந்தோசத்துலயாவது அழு.

—இத… சம்பந்திக்கு யார் அனுப்புனாங்களாம்?

—ராஜிக்தான் அனுப்பியிருப்பான், வேற யாரு? 'பயப்படாதீங்க, சொல்லிடுங்க'ன்னு மரியாதையாப் பேசுறான் பாரு. மாமனார்ட்டதான் அப்படிப் பேசுவான்.

—மாமனார்ட்ட 'சாப்பிட்டேன்'னு சொல்லுவானா காக்கா?

—சாகக் கெடந்து பொழச்சவன் யார்கிட்ட என்ன சொல்லணும்னு யோசிச்சா பேசுவான்? எவனோ ஒருத்தன் போன வாங்கி, வாய்க்கு வந்த நம்பரப் போட்டிருப்பான். நீ ஏன் வக்கீல் மாதிரிக் கேள்வி கேக்கறே? அட, அந்தத் துணிய விடும்மா. ஈரத்துணிய மடிச்சு மடிச்சுப் பிரிக்கிறே.

—இந்தத் தூறல்ல ஒன்னும் காயல. ஹிஃப்ஸா என்ன சொன்னாளாம்? அவ சாப்பிட்டாளா?

—அதத்தான் சொல்ல வந்தேன். மருமக நேத்து ராத்திரி ஒரு தட்டுச் சோறு தின்னாளாம். மீன் ஆனம் ஊத்தி, கேட்டு வாங்கித் தின்னாளாம். ரிபாயே போன்ல சொன்னாரு. ஏழு மாசப் புள்ளத்தாச்சி, மூணு நாளா வெறும் தண்ணியக் குடிச்சுட்டுக் கெடந்தவ.

—தின்னாளா? மறுபடி வாந்தி எடுக்கலையே?

—தின்னா, தூங்குனா. காலையில எந்திரிச்சு இடியாப்பமும் பசியாறுனாளாம். போதுமா? மருமக இடியாப்பம் தின்னதுக்கு உன் மூஞ்சியில வர்ற வெளிச்சம், மகன் குரலக் கேட்டதுக்கு வரல. என்ன பொம்பளம்மா நீ!

—அவ வயித்துல இருக்கறதும் என் மகன்தானே காக்கா.

—சரிதான், சரிதான். இப்ப நான் கண்டுபுடிச்சதக் கேளு. காரை சூக்குலயே ஓரமா நிறுத்தி இத ஏழெட்டுத் தடவ கேட்டேன். சும்மா கேக்கல, காதத் தீட்டி வச்சுக் கேட்டேன். பின்னால 'கர்ர்'ருனு ஒரு சத்தம் வருது, கேட்டியா? அது எஞ்சினு. காப்பாத்துன படகோட எஞ்சினு. அப்புறம் சார்ஜ் இல்லங்கறான். கடல் நடுவுல சார்ஜ் எங்கேந்து வரும்? எல்லாம் பொருந்துதா?

—எஞ்சினா அது?

—வேற என்னவாம்? இன்னும் இருக்கு. 'எல்லார்ட்டயும் சொல்லிடுங்க'ன்னதுக்கு அப்புறம் ஒருத்தன் இருமுறான். கவனிச்சியா? இரு, அந்த இடத்த மட்டும் போடறேன்.

—போட வேணாம்.

—“…எல்லார்ட்டயும் சொல்லிடுங்க… லொக்… லொக் லொக்… ஆங், சரி சரி…”

—வேணாம்னேனே காக்கா.

—இருமுறது ராஜிக் இல்ல. வேற ஆளு. வயசான இருமல். கப்பல்ல தீப்புடிச்ச பொகைய உள்ள இழுத்திருக்கான் பாவம். அப்படின்னா என்ன அர்த்தம்? நம்ம பய தனியா இல்ல. மத்தவங்களும் படகுல இருக்காங்க. டிவில ஒருத்தனாவது இதச் சொன்னானா? நான் சொல்றேன், சாம்பிராணிக் கடை அகமது கபீரு!

—டிவிக்காரன் சொல்றது ஒன்னும் எனக்கு வெளங்கலத்தான். நாலு சேனல் பாத்துட்டேன். ஒருத்தன் ஏவுகணைங்கறான். ஒருத்தன் ட்ரோனுங்கறான். இன்னொருத்தன் கப்பல்காரனே தீ வச்சுக்கிட்டான்ங்கறான். ஒரு பொண்ணு பவுடர் போட்டுச் சிரிச்ச மூஞ்சியா நின்னு, ஆளுங்கள ஜிபூத்திக்குக் கொண்டு போயிட்டாங்கன்னு சொல்லுது. அடுத்த நிமிசமே அதக் கீழ சிவப்பு எழுத்துல இல்லங்கறாங்க. தமிழ்ல ஒருத்தன் இருக்கான், யூட்யூப்புல. கம்ப்யூட்டர்ல ஒரு கப்பல வரைஞ்சு வச்சுக்கிட்டு டமார்னு வெடிக்க வைக்கிறான். மறுபடி முழுசாக்கறான், மறுபடி வெடிக்க வைக்கிறான். அந்தப் பொம்மைக் கப்பல்ல என் மகன் எந்தப் பக்கம் நிப்பான்னு தேடிக்கிட்டே உக்காந்திருக்கேன் நான்.

—அவன் பேச்சையெல்லாம் ஏன் கேக்கறே? லைக் வாங்கறதுக்குக் கத்துறவன்.

—சண்டை யாருக்கும் யாருக்கும் காக்கா?

—அதான் தெரியுமே.

—பேரு தெரியும். சண்டை ஒரு ஊருல நடக்குது. என் மகன் கப்பல்ல இருந்தது மைதா மாவு. மைதா மாவு மேல எதுக்குக் குண்டு போடறான்?

—மாவு யாருக்குன்னு பாக்க மாட்டான். கப்பல் யாருதுன்னு பாப்பான். முதலாளி ஒரு நாட்டுக்காரன், கொடி இன்னொரு நாட்டோடது, சரக்கு வேறொருத்தனோடது.

—வேலை செய்யறவன்?

—அவன் கீழக்கரைக்காரன். அத எவன் பாக்கறான்?

—உங்களுக்கு ஞாபகம் இருக்கா, வாப்பா குவைத்துல மாட்டிக்கிட்ட வருசம்? சந்துல குவைத்துச் சண்டை விளையாடுவீங்களே.

—ஏன் இல்லாம? தென்னை மட்டைதான் துப்பாக்கி. நான் எப்பவும் அமெரிக்கா.

—பெரிய பசங்க எல்லாரும் ஈராக்கு, அமெரிக்கான்னு பேரு வச்சுக்கிட்டீங்க. குவைத்தா இருக்க ஒருத்தனும் வரல. என்னையக் குவைத்தாக்கி, உம்மாவோட பழைய தாவணியால கரண்ட் கம்பத்துல கட்டிப் போட்டீங்க.

—அவுத்து விட்டோம்ல?

—எங்க விட்டீங்க? பாங்கு சொன்னதும் துப்பாக்கியெல்லாம் போட்டுட்டுத் தொழுக ஓடிட்டீங்க. நான் வெயில்ல நின்னேன். பால்காரர் வந்துதான் அவுத்து விட்டாரு. சண்டைன்னா எனக்கு அன்னிக்கு வெளங்குனதுதான் இன்னிக்கும். ரெண்டு பேரு ஓடிப் புடிச்சு வெளாடுவாங்க. கட்டிப் போட்ட ஆளு மட்டும் நிக்கணும். ராஜிக் இப்ப நிக்கிறான்.

—நின்னான்னு சொல்லு. இப்பதான் அவுத்து விட்டாச்சே! எனக்கும் அந்த வருசம்தான் ஞாபகத்துக்கு வந்துச்சு, கார்ல வரும்போது. அச்சு அசலா அதேதான் இது. முடிவெட்டுற கடையில ரேடியோ முன்னாடி நிப்பேன். லண்டன் ரேடியோல ஒன்னு சொல்லுவான், டெல்லி ரேடியோல ஒன்னு சொல்லுவான். பேப்பர்ல பாலைவனத்துல கூடாரம் கூடாரமா படம் வரும். அதுல வாப்பா மூஞ்சி இருக்கான்னு பேப்பர மூக்குகிட்ட வச்சுப் பாப்பேன். எவன் சொன்னதும் சரியா வரல. கடைசில எது சரியா வந்துச்சு? கேசட்டு!

—ம்.

—என்ன ம்? மறந்துட்டியா? குவைத்துலேந்து தப்பி வந்த தொண்டிக்காரர் ஒருத்தர் பஸ் ஸ்டாண்டுல வச்சுக் குடுத்தாருன்னு உம்மா கொண்டாந்தாங்களே. டூ-இன்-ஒன் டேப்ப நடுக்கூடத்துல வச்சு, தெருவையே கூப்பிட்டுப் போட்டுக் காட்டுனாங்க. பட்டன அமுக்குனதும் வாப்பா குரல். 'அஸ்ஸலாமு அலைக்கும், நான் சொகமா இருக்கேன், நீங்க கவலப்படாதீங்க…' அன்னிக்குத்தான் எனக்கு உசுரு வந்துச்சு. அதுவரைக்கும் ரேடியோ பக்கத்துலயே கெடந்தேன், சோறு எறங்கல. கேசட்டக் கேட்டுட்டுத்தான் தின்னேன். ரெண்டு மாசத்துல வாப்பாவும் ஒத்தப் பெட்டியோட வந்து எறங்கிட்டாங்க. அன்னியிலேந்து எனக்கு ஒரே கணக்குதான். செய்தியா? மாஃபி, நம்பாதே. குரலா? நம்பு. ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிறே?

—அந்தக் கேசட்டுல வாப்பா என்னையப் பத்தி ஒன்னு சொன்னாங்க. ஞாபகம் இருக்கா?

—எல்லாரையும்தான் சொன்னாங்க. என்னைய ஒழுங்காப் படின்னாங்க. உன்னைய… பல்லு ஏதோ…

—'ஹாலிதாவுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்துடுச்சாமே, எலி வளையில போட்டுச்சா புள்ள?'ன்னு கேட்டாங்க. சிரிச்சாங்க.

—ஆமா, ஆமா! தெருவே சிரிச்சுது.

—எனக்குப் பல்லு விழுந்தது அதுக்கு முந்தின வருசம் காக்கா. கேசட்டுப் போட்ட அன்னிக்கு எனக்கு முன்பல்லு ரெண்டும் நல்லா வளந்து நிக்குது. நாக்க விட்டுத் தடவிப் பாத்தேன். இருக்கு. மறுபடி தடவிப் பாத்தேன். இருக்கு. 'உம்மா, எனக்குத்தான் பல்லு மொளச்சிடுச்சே'ன்னு வாயத் தொறக்கப் போனேன். உம்மா என் தொடையில கிள்ளுனாங்க பாருங்க, ஒரு வாரம் கன்னிப் போயிருந்துச்சு.

—நீ என்ன சொல்ற?

—தொண்டிக்காரரும் இல்ல, ஒருத்தரும் இல்ல. அது பழைய கேசட்டு. அலமாரியில வாப்பாவோட கேசட்டு இருவது முப்பது இருந்துச்சுல்ல, அதுல ஒன்னு. யாருக்கும் ஞாபகம் இருக்காத மாதிரி ஒன்ன எடுத்து உம்மா போட்டாங்க. பல்லு விசயத்த மறந்துட்டாங்க.

—சும்மா இரு. ஏழு வயசுப் புள்ளைக்கு என்ன தெரியும்?

—தன் வாயில பல்லு இருக்கா இல்லையான்னு ஏழு வயசுப் புள்ளைக்குத் தெரியும். அப்புறம் நான் பெரியவளானதும் உம்மாட்டயே கேட்டேன். 'கபீரு சாப்பிடாமக் கெடந்தான், எலும்பா போயிட்டான். போனவரத் திருப்பிக் கொண்டு வர எனக்குத் தெம்பு இல்ல. இருக்கற புள்ளையவாவது தின்ன வைக்கலாம்னு போட்டேன்'னாங்க. உங்களுக்காகத்தான் காக்கா. தெருவுக்காக இல்ல, எனக்காகவும் இல்ல.

—எனக்காக.

—உக்காருங்க. மூச்சு வாங்குது உங்களுக்கு.

—நான் அந்தக் கேசட்ட வச்சிருக்கேன்டி. கடையில, கல்லாவுக்கு மேல. போட்டுக் கேக்க டேப்பு கெடையாது, ஆனாலும் வச்சிருக்கேன். கஸ்டமர் கேட்டா இதுதான் எங்க வாப்பா உசுருன்னு சொல்லுவேன்.

—அதனாலதான் இத்தன வருசம் நான் சொல்லல.

—அப்ப வாப்பா உசுரோட இருக்காங்கன்னு உம்மாவுக்கே தெரியாதா?

—தெரியாது. தெரியாமலேதான் அந்தக் கூட்டத்துல உக்காந்து சிரிச்சாங்க. ராத்திரியெல்லாம் அடுப்படியில உக்காந்திருப்பாங்க. நான் பாத்திருக்கேன்.

—வாப்பா வந்துட்டாங்க. வந்துட்டாங்கல்ல? அப்புறம் என்ன? பொய்யா இருந்தாலும் நல்ல பொய்தான். ஒரு குடும்பத்தத் தின்ன வச்ச பொய்யி. யாருக்கு என்ன நட்டம்?

—வராமப் போயிருந்தா?

—ஏன் அப்படிப் பேசுற?

—வராமப் போயிருந்தா, சோறு தின்ன உங்களுக்கு அவங்க என்ன சொல்லியிருப்பாங்க? அதத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். காலையிலேந்து நெனச்சுக்கிட்டிருக்கேன். காக்கா, நீங்க இந்த வாய்ஸ வேற யாருக்காவது அனுப்புனீங்களா?

—யாருக்கு அனுப்பல? மச்சானுக்குத்தான் முதல்ல. தும்ரைத்துலேந்து கெளம்பி மலையில வந்துக்கிட்டிருந்தாரு. பனிமூட்டம், பத்தடி தூரம் தெரியல. வண்டிய ஓரங்கட்டிட்டு ரோட்டுலயே நெத்தியப் பதிச்சு சஜ்தா செஞ்சாராம். உன் வீட்டுக்காரர் அழுது நான் கேட்டதே இல்ல, இன்னிக்குக் கேட்டேன்.

—அவுகளுக்கும் அனுப்பிட்டீங்களா?

—அனுப்பாம? அவரு மகன்தானே! அப்புறம் கப்பல் ஏஜென்ட் ஆபீசு. கௌரிசங்கர்னு ஒரு தம்பி இருக்கான்ல, கும்பகோணம் பக்கம். அவன்ட்ட குடுத்தேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? இன்னிக்குச் சாயங்காலம் எல்லா வீட்டுக்கும் வேற மாதிரி சேதி சொல்லச் சொல்லி மேலேந்து வந்துடுச்சாம். 'நல்ல நேரத்துல குடுத்தீங்க கபீர் பாய், இதக் காட்டி நிறுத்தி வைக்கச் சொல்றேன்'னான்.

—வேற மாதிரி சேதின்னா?

—அத எதுக்கு இப்பக் கேக்கறே? அதான் இல்லன்னு ஆயிடுச்சே! நீ ஏன் ஃபிரிட்ஜத் தொறந்து தொறந்து மூடறே?

—வேற மாதிரி சேதின்னா என்னன்னு சொன்னானா இல்லையா?

—சொல்லல. நான் கேக்கவும் இல்ல. அவன் இத மத்த வீடுகளுக்கும் அனுப்பிட்டான். கமுதி பக்கம் சேதுபதின்னு ஒரு சமையக்காரர் அந்தக் கப்பல்ல இருக்காராம். அவரு சம்சாரம் தாமரைங்கற பொண்ணு உன் நம்பரக் கேட்டுச்சாம். நான்தான் குடுக்கச் சொன்னேன். பேசுனா நல்ல வார்த்தையா நாலு சொல்லு.

—காக்கா, நான் ஒன்னு சொல்லணும் உங்ககிட்ட. கோவப்படாதீங்க. திட்டுனாலும் பரவால்ல, கேட்டுட்டுத் திட்டுங்க.

—இன்னும் என்ன இருக்கு? வாப்பா கேசட்டையே பொய்யின்னு சொல்லிட்டே. முப்பது வருசத்துக்கு மேல பொத்தி வச்சவ அத ஏன் இன்னிக்குச் சொன்னே, அதச் சொல்லு முதல்ல.

—அதுக்கும் இதுக்கும்தான்… ஹிஃப்ஸா நேத்து எனக்குப் போன் பண்ணா. 'மாமி, வயித்துல அசையவே இல்ல மாமி'ன்னா. நான்…

—உன் போன் அடிக்குது பாரு. ஊரு நம்பரு. அந்தப் பொண்ணாத்தான் இருக்கும். எடு.

—எடுக்க மாட்டேன்.

—அட எடும்மா, பாவம். குடு, நான் ஸ்பீக்கர்ல போடறேன். ஹலோ? சொல்லும்மா, ராஜிக் வீடுதான். ராஜிக் உம்மா பக்கத்துலதான் இருக்கா.

—யக்கா… நான் தாமரை பேசுறேன்க்கா. சேதுபதி சம்சாரம். கமுதியிலேருந்து.

—சொல்லும்மா.

—ஒங்க மகன் நல்லா இருக்கணும்க்கா. நூறு வயசு இருக்கணும். ஒங்க வயித்துல பாலு வாத்த அந்தச் சாமி என் வயித்துலயும் வாத்துடுச்சுக்கா. அந்தப் பேச்சு இங்க எனக்கு வந்துச்சு. ஆபீஸு அண்ணன் அனுப்புச்சாரு.

—தாமரை, நான் சொல்றதக் கொஞ்சம் கேளு. அந்தப் பேச்ச…

—இருங்கக்கா, நான் சொல்லிக்கிறேன். ஒங்க மகன் குரலு எனக்குத் தெரியாதுல்ல, அதனால முதத் தடவ சும்மாத்தான் கேட்டேன். அந்தக்கா மகன் உசுரோட இருக்குது, நம்ம ஆளு என்ன ஆனாரோன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டேன். அப்புறம் மறுக்கா போட்டேன். யக்கா, பின்னாடி ஒரு இருமல் வருதுல்ல? லொக்குனு ஒன்னு, பெறவு சேத்து ரெண்டு?

—சொல்லும்மா தாமரை, சொல்லு! நானும் அத கவனிச்சேன். இவகிட்ட இப்பதான் சொல்லிக்கிட்டிருந்தேன்.

—அண்ணே, அது எங்க வீட்டு ஆளுண்ணே! அந்த இருமலு எனக்குத் தெரியாதா? அடுப்புப் பொகையிலயே நின்னு வேலை பாத்த ஆளு. தெருமுக்குல அவரு இருமுறது கேட்டாத்தான் நான் சோத்தத் தட்டுல போடுவேன். புள்ளைகளக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுனேன். சின்னது 'அப்பா இருமுது'ன்னுச்சுண்ணே. நான் ஒன்னுமே சொல்லல, அதுவாச் சொல்லுச்சு!

—அல்லாஹ் பெரியவன்! கேட்டியா ஹாலிதா?

—தாமரை, அவசரப்படாதம்மா. இருமல்னா எல்லாருக்கும் ஒன்னு போலதான்…

—இல்லக்கா. புருசன் இருமலு பொண்டாட்டிக்குத் தெரியாமப் போவுமா? வெள்ளிக்கிழமையிலேருந்து அடுப்புப் பத்த வைக்கலக்கா. அவுங்க வீட்டுப் பெரியவங்க வெள்ளச் சேல எடுத்துட்டு வந்துட்டாக. திண்டாடிப் போனேன். இப்ப அந்தச் சேலையத் தூக்கித் தெருவுல வீசிட்டேன். கறி எடுத்தாரச் சொல்லியிருக்கேன், புள்ளைகளுக்கு ஆக்கிப் போடணும். கொழம்பு கொதிக்குதுக்கா, வச்சிடவா? ஒங்க மகன் மறுபடி பேசுச்சுன்னா, அவரையும் ஒரு வார்த்த பேசச் சொல்லச் சொல்லுங்கக்கா. ஒரு வார்த்த போதும்.

—தாமரை… தாமரை!

—வச்சிடுச்சு. என்ன பொண்ணு பாரு! இருமல வச்சே புருசனக் கண்டுபுடிச்சிடுச்சு. டிவிக்காரன் பத்துப் பேரு மைக்கப் புடிச்சுக்கிட்டு நிக்கிறானே, ஒருத்தனுக்கு இந்தக் காது உண்டா? இப்ப சொல்லு, நம்ம உம்மா போட்டது வேண்ணா பழைய கேசட்டு. இது பழசா? ரெண்டு வீட்டுல ரெண்டு பேரு அடையாளம் சொல்லியாச்சு. ஏம்மா தரையில உக்காந்துட்டே? எந்திரி. எந்திரி புள்ள. மச்சான் வர்ற நேரம்.

—காக்கா, ராஜிக் முதல் தடவ கப்பல் ஏறுன அன்னிக்கு நான் எங்க இருந்தேன்?

—ஊர்ல இருந்தே. அவனுக்குப் பொண்ணு பாக்க. அதுக்கென்ன இப்போ?

—அவன் எங்க இருந்தான்?

—என் கடையிலதான். பெட்டியக் கீழ வச்சுட்டு, புரோட்டாவத் தின்னுட்டு, ஏஜென்ட் வண்டிக்காகக் காத்துக்கிட்டிருந்தான். எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கத்துல உக்காராதடா, சத்தத்துல உங்க உம்மாவுக்கு ஒன்னும் கேக்காதுன்னு கூடச் சொன்னேன். கேக்கல. அங்கயே உக்காந்து போன வாயில வச்சுக்கிட்டு… லொக்… லொக் லொக்… இந்தத் தூறல் வந்தாலே நெஞ்சு… ஏன் என்னைய அப்படிப் பாக்கறே?

—அன்னிக்கு அவன் எனக்குப் போட்ட வாய்ஸ்தான் இது. சாப்பிடாமக் கெடந்தவளத் தின்ன வைக்கலாம்னு நேத்து ஹிஃப்ஸாவுக்கு அனுப்புனது நான். அந்தப் புள்ள அடையாளம் சொன்ன இருமல் உங்களோடது காக்கா.